அந்த டிரைவரைக் கொன்றது யார்?

நேற்று ராத்திரி 'தி பிக் ஸ்லீப்' என்ற பழைய ஹாலிவுட் துப்பறியும் படத்தை நாலாவது தடவையாகப் பார்த்தேன். இந்தத் தடவை விடக்கூடாது என்று தாளும் பேனாவுமாக உட்கார்ந்தேன். செத்தவர்கள் பெயர் இடப்பக்கம், கொன்றவர்கள் பெயர் வலப்பக்கம். படம் முடிந்தபோது ஓவன் டெய்லர் என்ற டிரைவரின் பெயருக்கு எதிரே மட்டும் காலியாகக் கிடந்தது. காரோடு சேர்த்து அவனைக் கடலிலிருந்து எடுக்கிறார்கள். தானாகப் போய் விழுந்தானா, யாராவது அடித்துப்போட்டுத் தள்ளினார்களா? கடைசிவரை தெளிவில்லை.

என் மரமண்டையைக் குறை சொல்லிப் பயனில்லை. படம் எடுக்கும்போதே இந்தச் சந்தேகம் வந்து, நாவலை எழுதிய ரேமண்ட் சாண்ட்லருக்குத் தந்தி அடித்துக் கேட்டிருக்கிறார்கள். தனக்கும் தெரியவில்லை என்று அவரே பிற்பாடு ஒரு கடிதத்தில் ஒப்புக்கொண்டார். திரைக்கதை எழுதிய மூன்று பேரில் ஒருவர் வில்லியம் ஃபாக்னர். பின்னால் நோபல் பரிசு வாங்கிய மனிதர். அவர் விட்டுவிட்டுப் போனதை நான் ஒரு தாளில் முடிக்கப் பார்த்திருக்கிறேன்!

"கதையே புரியாத படத்தை எப்படிய்யா கொண்டாடுறீங்க?" என்று கேட்பவர்களுக்காகத்தான் இந்தப் பதிவு.

இந்தப் படத்துக்கு இரண்டு வடிவங்கள் உண்டு. இயக்குநர் ஹோவர்ட் ஹாக்ஸ் 1945 தொடக்கத்திலேயே படப்பிடிப்பை முடித்துவிட்டார். போர் முடிவதற்குள் கையிலிருக்கும் போர்ப் படங்களை வெளியிட்டுத் தீர்க்க வேண்டும் என்று தயாரிப்பு நிறுவனமான வார்னர் பிரதர்ஸ் இதைக் கிடப்பில் போட்டது. வெளிநாட்டில் இருந்த அமெரிக்கச் சிப்பாய்களுக்கு மட்டும் போட்டுக் காட்டினார்கள். அந்த வடிவத்தில், துப்பறியும் மார்லோ அரசு வழக்கறிஞரின் அலுவலகத்தில் உட்கார்ந்து, அதுவரை நடந்ததையெல்லாம் வரிசையாக விளக்குவான். இதற்கிடையில் நாயகி லாரன் பகாலின் இன்னொரு படத்தை விமர்சகர்கள் கிழித்துவிட, அவருடைய ஏஜென்ட் பதறிப்போய் ஸ்டுடியோ தலைவர் ஜாக் வார்னருக்கு எழுதினார். 1946 ஜனவரியில் மார்லோவாக நடித்த ஹம்ஃப்ரி போகார்ட்டையும் பகாலையும் வைத்துப் புதிதாகச் சில காட்சிகள் எடுத்தார்கள். குதிரைப் பந்தயத்தைப் பற்றிப் பேசுவதுபோல வேறெதையோ பேசிக்கொள்வார்களே, அது அப்போது எடுத்ததுதான். விளக்கக் காட்சி கத்தரிக்குப் போனது.

1997இல் வெளியே வந்த பழைய வடிவத்தையும் பார்த்திருக்கிறேன். கதை நன்றாகப் புரிகிறது. அந்த விளக்கக் காட்சியில் கொட்டாவியும் வருகிறது. மார்லோவுக்குத் தெரிந்ததுதான் நமக்கும் தெரியும் என்பதுதான் இந்தப் படத்தின் கட்டு. ஒரு பொய்யிலிருந்து அடுத்த பொய்க்குப் போகிற ஆளோடு கூடவே நடக்கிறோம். நடுவில் நிறுத்திக் கரும்பலகையில் கணக்குப் போட்டுக் காட்டினால் என்ன ஆகும்?

அதற்காக எல்லாக் குழப்பத்தையும் கலை என்று சொல்லமாட்டேன். கொஞ்சம் தணிக்கையின் கைங்கரியமும் உண்டு. படத்தில் கைகர் என்ற ஆள் பழைய புத்தகக் கடை என்ற போர்வையில் நடத்துவது ஆபாசப் புத்தக வாடகை வியாபாரம். ஹேஸ் விதிகள் என்ற ஹாலிவுட் தணிக்கை விதிகள் கோலோச்சிய காலத்தில் அதைத் திரையில் வாய்விட்டுச் சொல்ல முடியாது. நாவலில் கொலைகாரி யார் என்பதையும் படம் பூசி மெழுகிவிட்டது. அந்த முடிவு எனக்கு இன்றுவரை ஒட்டவில்லை.

சரி, அப்புறம் எதற்காகத் திரும்பத் திரும்பப் போய் உட்காருகிறேன்? எலைஷா குக் ஜூனியர் நடித்த ஹாரி ஜோன்ஸுக்காக. பூஞ்சையான ஆள். ஆக்னஸ் என்ற பெண்ணுக்காக, 200 டாலருக்கு ஒரு தகவலை விற்க மார்லோவிடம் வருகிறான். அதற்குள் கனினோ என்ற அடியாள் அவனைப் பிடித்து, ஆக்னஸ் எங்கே என்று கேட்கிறான். பக்கத்து இருட்டறையில் மார்லோ நின்று கேட்டுக்கொண்டிருக்கிறான். உள்ளே போகவில்லை. ஜோன்ஸ் ஒரு முகவரியைச் சொல்கிறான். கனினோ ரொம்ப அன்பாக ஒரு மடக்கு சாராயம் ஊற்றிக் கொடுக்கிறான். அதில் விஷம்.

அப்புறம் மார்லோ அந்த முகவரிக்கு போன் போட்டுப் பார்க்கிறான். அங்கே ஆக்னஸ் என்று யாரும் இல்லை. சாகப்போகிற நேரத்திலும் அந்தச் சின்ன மனிதன் அவளைக் காட்டிக்கொடுக்கவில்லை.

ஆக்னஸ் பிறகு வருகிறாள். தகவலைச் சொல்லி, 200 டாலரை வாங்கிக்கொண்டு, காரைக் கிளப்பிப் போய்விடுகிறாள்.