கைபோத்தின் பழக்கடை

ஒரு பழ ஓவியத்தைப் பார்த்து "அப்படியே போட்டோ மாதிரி இருக்கு" என்று சொல்வதைப் பெரிய பாராட்டாக நினைக்கிறோம். எனக்கு இதில் உடன்பாடே இல்லை. பிரெஞ்சு ஓவியர் குஸ்தாவ் கைபோத் 1881-82 வாக்கில் வரைந்த பழக்கடை ஓவியத்தைப் பாருங்கள். பாஸ்டன் நுண்கலை அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

அதற்கு முன்பு பழம் வரைவது என்றால் வீட்டு மேசை, கத்தி, கண்ணாடிக் கோப்பை எல்லாம் கூடவே வரும். பழைய டச்சு ஓவியர்கள் ஓர் அழுகலையும் ஓர் ஈயையும் சேர்த்து நிலையாமையைப் போதிப்பார்கள். கைபோத்துக்கு அந்தப் போதனை தேவைப்படவில்லை. கடையில் தட்டுத் தட்டாக அடுக்கிய ஆப்பிள், பேரி, ஆரஞ்சு, அத்தி, தக்காளி, அவ்வளவுதான். விற்பனைக்கு வைத்தது வைத்தபடியே ஓவியமாகிவிட்டது.

ஆனால் என் கண் போய் நிற்பது பழங்களுக்கு அடியில் விரித்த வெள்ளைத் தாளில். அதில் சுத்த வெள்ளை கொஞ்சம்தான். மடிப்புகளில் ஓடுவது நீலம். நிழல் என்றால் கறுப்பைக் கலக்கும் பழக்கத்தை, கண்ணில் படும் ஒளியையும் நிறத்தையும் பிடிக்க முயன்ற இம்ப்ரெஷனிஸ்டுகள் (கைபோத்தும் அந்தக் குழுவில் ஒருவர்தான்) பெரும்பாலும் விட்டுவிட்டார்கள். பாரிஸின் கோப்லான் நெசவுக்கூடத்தில் சாயப் பிரிவைக் கவனித்த வேதியியலாளர் ஷெவ்ரல், நீலமும் ஆரஞ்சும் போன்ற எதிரெதிர் நிறங்கள் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால் ஒன்றையொன்று தூக்கிக் காட்டும் என்று 1839-லேயே எழுதியிருந்தார். நீலம் ஓடும் தாளில் உட்கார்ந்திருப்பதால்தான் அந்த ஆரஞ்சு அப்படித் தகதகக்கிறது. தாளைச் சாம்பல் நிறத்தில் தீட்டியிருந்தால் பாதி வெளிச்சம் செத்திருக்கும். இன்னொரு இம்ப்ரெஷனிஸ்ட் மோனே 1880-இல் வரைந்த ஆப்பிள், திராட்சை ஓவியத்தில் மேசைவிரிப்பு செய்வதும் இதே வேலைதான்.

அப்புறம் தோல். தக்காளி ஒளியைத் திருப்பி அடிக்கிறது, கறுத்த அத்தி அதை விழுங்கிக்கொள்கிறது. இரண்டுமே வெறும் எண்ணெய் வண்ணம்தான். தூரிகை போன தடத்தை அவர் மறைக்கவில்லை. அதைத் தேய்த்து வழவழப்பாக்கியிருந்தால் போட்டோ கிடைத்திருக்கும், இந்த உயிர் கிடைத்திருக்காது.

கைபோத்தை இன்னமும் பலர் வசதியான புரவலராகத்தான் அறிமுகம் செய்கிறார்கள். நண்பர்களின் ஓவியங்களை வாங்கினார், கண்காட்சிகளுக்குப் பணம் கொடுத்தார், 1894-இல் இறந்தபோது தன் சேகரிப்பைப் பிரெஞ்சு அரசுக்கு எழுதிவைத்தார். எல்லாம் உண்மை. அந்த உயில் கொடுத்த சேகரிப்பில் மோனே, ரெனுவார், செசான் எல்லோரும் உண்டு, அவர் வரைந்தது ஒன்றும் இல்லை. அவர் தன்னை ஒதுக்கிக்கொண்டார் என்பதற்காக நாமும் ஒதுக்குவது அநியாயம். பழ ஓவியங்களைப் பொறுத்தவரை, ரெனுவாருக்கு ஒரு படி மேலேதான் இவரை நான் வைப்பேன்.