வெறும் கேபிள்தானே சார்!

"வெறும் கேபிள்தானே, மாத்திப் போட்டுட்டுக் கிளம்புங்க" என்று இனி யாராவது என்னிடம் சொன்னால், அந்தக் கேபிளையே அவர் கையில் கொடுத்து, சர்வர் ரூமுக்குள் தள்ளி வெளியே பூட்டிவிட்டு வந்துவிடுவேன். இது சத்தியம்.

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் சிஸ்டம் அட்மினாக இருக்கிறேன். சர்வர் ரூமில் ஏசி நின்றாலோ, யூபிஎஸ் பேட்டரியில் ஓட ஆரம்பித்தாலோ மேனேஜர் போனுக்கு எஸ்எம்எஸ் போகும். அதற்காக, சர்வர்களை அடுக்கியிருக்கும் ரேக்கின் பின்னால், செல்போன் மாதிரி சிம் போட்டு எஸ்எம்எஸ் அனுப்பும் ஒரு ஜிஎஸ்எம் மோடம், சர்வரின் சீரியல் போர்ட்டில் (அந்தக் காலத்து ஒன்பது பின் இணைப்பு) தொங்கிக்கொண்டிருக்கிறது. ஏழு வருஷம் ஒரு வார்த்தை முணுமுணுக்காமல் உழைத்த ஜீவன். போன புதன்கிழமை பழைய சர்வரை எடுத்துவிட்டுப் புதுசு வைத்தோம். அன்றைக்கு வாயை மூடியதுதான். சனிக்கிழமை மதியம் ஏசி நின்று ரூம் அடுப்பாகக் கொதித்த பிறகுதான் எஸ்எம்எஸ் வராததே எல்லோருக்கும் தெரிந்தது. உடனே போன்: "என்னய்யா, ஒரு கேபிள்தானே?"

சர்வர் கம்பெனிக்குப் போன் போட்டேன். மோடத்தில் கோளாறாம். மோடம் விற்றவர் கேபிளைக் கை காட்டினார். கேபிள் கடைக்காரர் புது சர்வரைக் காட்டினார். சரி, நாமே பார்ப்போம் என்று ராத்திரி பத்தரைக்கு ரேக்கின் பின்னால் தரையில் உட்கார்ந்தேன்.

முதலில் கேபிளைக் கழற்ற வேண்டுமே! ஒன்பது பின் கேபிளின் இரண்டு பக்கமும் ஒரு திருகு இருக்கும், பார்த்திருப்பீர்கள். அதைத் திருகினால் திருகு மட்டும் வரவேண்டும். வராது. போர்ட்டில் இருக்கும் அறுகோண நட்டையும் பிடுங்கிக்கொண்டு வரும். பிடுங்கிய நட்டைப் பிரிக்க இடுக்கி வேண்டும். இடுக்கி எலக்ட்ரீஷியனிடம். எலக்ட்ரீஷியன் பல்லடத்தில் கல்யாண வீட்டில்.

அந்தக் கேபிளும் சரியானதில்லை. புதன்கிழமை பழைய கேபிளைக் கழற்றி டிராயரில் போட்டுவிட்டு, கைக்குக் கிடைத்த வேறொன்றைச் சொருகியிருக்கிறார்கள். டிராயரில் இன்னும் இரண்டு. மூன்றுமே ஒரே கறுப்பு, ஒரே நீளம், ஒரே முனை. மேலே ஒரு எழுத்து இல்லை. என் ஆத்திரமெல்லாம் இங்கேதான். ஆர்எஸ்-232 என்கிற இந்த சீரியல் இணைப்பு ஏற்பாடு வந்தது 1960-இல். அறுபது வருஷத்துக்கு மேல் ஆகிறது. கேபிளைச் செய்கிறவனுக்கு உள்ளே கம்பி நேராகப் போகிறதா, குறுக்கே மாறிப் போகிறதா என்று மேலே ஒரு வார்த்தை அச்சடிக்க இன்னுமா மனசு வரவில்லை? ஐந்து ரூபாய் பிஸ்கட் பாக்கெட்டில்கூட உள்ளே என்ன இருக்கிறது என்று எழுதியிருக்கிறார்களே ஐயா!

கம்ப்யூட்டருக்கும் மோடத்துக்கும் நடுவில் நேர் கேபிள்தான் வேண்டும். இந்தப் பக்கம் 3-ஆம் பின் அனுப்புவதை, அந்தப் பக்கம் 3-ஆம் பின்னிலேயே மோடம் வாங்கிக்கொள்ளும். கம்ப்யூட்டரோடு கம்ப்யூட்டரை இணைத்தால் மட்டும் 2-ம் 3-ம் இடம் மாறவேண்டும். அதற்குப் பெயர் நல் மோடம் கேபிள். மாற்றிப் போட்டால் இரண்டு பக்கமும் ஒரே கம்பியில் கத்திக்கொண்டிருக்கும், கேட்கத்தான் ஆள் இருக்காது. மூன்றாவதாக இன்னொரு சனியன் உண்டு. சில யூபிஎஸ்களில் பின்களின் வேலையையே மாற்றி வைத்திருப்பார்கள். அவர்கள் கொடுத்த கேபிளை விட்டு சாதாரண கேபிளைச் சொருகினால் யூபிஎஸ் அப்படியே அணைந்துவிடும். இரண்டு வருஷம் முன்பு எங்கள் தம்பி ஒருவன் அதைச் செய்து, முழு ரேக்கும் இருண்டு, கட்டிங் செக்‌ஷன் வரைக்கும் பில் போடமுடியாமல் நின்றது. வெறும் கேபிள்தான்.

மல்டிமீட்டரை எடுத்தேன். ஓட்டை இருக்கும் முனைக்குள் புரோப் நுழையாது. அதனால் ஒரு குண்டூசியை உள்ளே விட்டு, அதன் தலையில் புரோப்பை அழுத்தி, மற்ற முனையில் ஒவ்வொரு பின்னாகத் தொட வேண்டும். செல்போன் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு இதைச் செய்து பாருங்கள். கம்பி இணைந்திருந்தால் மீட்டர் கத்தும். மூன்றாவது கேபிளில் 2-க்கு 2 பீப். 3-க்கு 3 பீப். 5-க்கு 5 பீப். மற்ற எதுவும் மூச்சு விடவில்லை. அதாவது நேர் கேபிள்தான், ஆனால் உள்ளே மூன்றே கம்பி. ஏழு வருஷம் உழைத்த பழைய கேபிள் இதுதான் என்று புரிந்தது. சொருகினேன். சீரியல் போர்ட்டோடு தட்டச்சு செய்து பேச உதவும் மினிகாம் நிரலைத் திறந்தேன். மோடத்தை அணைத்துப் போட்டால் அது சொல்லும் வரி திரையில் வருகிறது. நான் அடிக்கும் எழுத்து ஒன்றும் போகவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் மண்டையில் உறைத்தது. மினிகாமில் ஹார்ட்வேர் ஃப்ளோ கன்ட்ரோல் ஆன். 'அனுப்பலாம்' என்று அந்தப் பக்கம் கொடியசைக்க வேண்டிய கம்பி இந்தக் கேபிளில் கிடையாது. கொடி அசையும் வரை நான் காத்திருக்க வேண்டுமாம்.

நடுவில், லேப்டாப்பில் போட்டுப் பார்க்கலாமே என்று, சீரியல் கேபிளை யூஎஸ்பியில் சொருக உதவும் கன்வர்ட்டர் ஒன்றையும் எடுத்தேன். போன மாதம் சென்னை ரிச்சி தெருவில் வாங்கியது. டிவைஸ் மேனேஜரில் மஞ்சள் முக்கோணம். இந்தச் சிப் 2012-லேயே நிறுத்தப்பட்டது, விற்றவரைத் தொடர்புகொள்ளவும் என்று ஒரு வரி. விற்றவரை ஞாயிற்றுக்கிழமை பிடித்தேன். "அண்ணே, எல்லாரும் வாங்கிட்டுப் போறாங்க, யாருமே கம்ப்ளெயின்ட் சொன்னதில்லண்ணே." சரிப்பா.

ஃப்ளோ கன்ட்ரோலை அணைத்துவிட்டு, மோடத்தைக் கூப்பிடும் கட்டளையான ஏடி (AT) என்று அடித்தேன். 1981-இல் ஹேய்ஸ் ஸ்மார்ட்மோடம் கொண்டுவந்த அதே இரண்டு எழுத்து. இன்றைய ஜிஎஸ்எம் மோடமும் அதற்குத்தான் தலையாட்டுகிறது. ஓகே என்று பதில் வரவேண்டும். 'ஓ' மட்டும் வந்தது. 'கே' வரவில்லை. மறுபடி அடித்தால் 'கே' மட்டும். மீதி எழுத்தை யார் தின்கிறார்கள்?

புது சர்வரை நிறுவியவர்கள், தொலைவிலிருந்து பார்க்க வசதியாக இருக்கட்டும் என்று சர்வர் எழும்போது படிக்கும் கர்னல் கட்டளை வரியில் அதே சீரியல் போர்ட்டைக் கன்சோலாக, அதாவது சர்வரோடு பேசும் வாசலாக, கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். உடனே 'கெட்டி' என்ற லாகின் நிரல் அந்தப் போர்ட்டில் வந்து உட்கார்ந்துகொண்டது. பெயருக்கேற்ற மாதிரி கெட்டியாகப் பிடித்துக்கொண்டது. மோடம் சொல்வதில் பாதி அதன் வாயில், பாதி என் திரையில். மோடத்தையே யாரோ ஆள் என்று நினைத்து மூன்று நாளாக அது பெயரையும் பாஸ்வேர்டையும் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறது. எஸ்எம்எஸ் போர்ட் இது என்று நான்தான் அவர்களிடம் எழுதிக் கொடுக்கவில்லை, அதையும் சொல்லிவிடுகிறேன். ஆனால் அவர்கள் கேட்கவும் இல்லை.

அந்த வரியை நீக்கி, கெட்டியை நிறுத்தி, சர்வரை ரீஸ்டார்ட் செய்தேன். மெமரியை எண்ணி, டிஸ்கை எண்ணி, எழுந்து வர ஏழு நிமிஷம். ஒரு டீக்குக்கூட வெளியே போகமுடியாத ஏழு நிமிஷம்.

ஏடி. ஓகே. முழுசாக.

மணி மூன்றே முக்கால். நான் மறந்தது ஒன்றே ஒன்றுதான்: போகாத எஸ்எம்எஸ் எல்லாம் புதன்கிழமையிலிருந்து வரிசையில் காத்திருந்தன. யூபிஎஸ் பேட்டரியில், யூபிஎஸ் கரண்டில், வெப்பம் 31, வெப்பம் 33, வெப்பம் 36 என்று ஒன்றன்பின் ஒன்றாக மேனேஜர் போனுக்குக் கிளம்பின. மோடத்தின் பச்சை விளக்கு நிற்காமல் சிமிட்டியது. ஐந்தாவது நிமிஷம் என் போன் அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. நான் மூன்றாவது கேபிளைச் சுற்றி வெள்ளை டேப் ஒட்டி, 'நேர், 3 கம்பி, தொடாதே' என்று மார்க்கரில் எழுதிக்கொண்டிருந்தேன்.