சம்பளம் அரசு தருவது, நியமனம் மட்டும் உங்களுடையதா?

அரசு சம்பளம் தர, தனியார் நடத்தும் உதவிபெறும் பள்ளி ஒன்றின் நிர்வாகத்தில் இருப்பவர் ஆசிரியர் நியமனம் பற்றிப் பேசிய அந்த ஆடியோவைக் கேட்காதவர்கள் நம் திருநெல்வேலி வாட்ஸாப் குழுக்களில் இனி யாரும் இருக்க மாட்டார்கள். பேசியவர் யார், எந்தப் பள்ளி, எந்த நிர்வாகம் என்று நான் இங்கே எழுதப் போவதில்லை. பின்னூட்டத்தில் நீங்களும் எழுத வேண்டாம். என்னைத் தூங்கவிடாமல் செய்தது அந்த ஆள் இல்லை, அவர் சொன்ன வார்த்தை. "யாரைப் போடணும், யாரைப் போடக் கூடாதுன்னு கவர்மெண்டு எங்ககிட்ட பேசக் கூடாது. சம்பளம் குடுக்கது அவங்க கடமை. ஆளைப் போடுறது எங்க உரிமை." எவ்வளவு நிம்மதியாகச் சொல்கிறார்! பக்கத்தில் யாரோ சிரிக்கிற சத்தம் வேறு.

நான் கேட்பது ஒன்றுதான். மாசம் பிறந்தால் அந்தப் பள்ளி ஆசிரியர்களின் வங்கிக் கணக்கில் ஏறும் பணம் யாருடையது? காணிக்கையா? நிர்வாகத்தின் சொந்தச் சொத்தா? இல்லை. கருவூலத்துப் பணம். முக்கூடலில் பீடி சுற்றும் அக்காவும், பேட்டையில் மூட்டை தூக்கும் அண்ணனும் சோப்பு வாங்கும்போதும் செருப்பு வாங்கும்போதும் கட்டிய வரி. அவர்கள் வீட்டுப் பிள்ளை பி.எட். முடித்து, டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வும் தேறி, அந்த வேலைக்கு ஒரு விண்ணப்பம் போடக்கூட வழியில்லை என்றால் அது என்ன உரிமை?

நான் வெளியாள் இல்லை. பாளையங்கோட்டைப் பக்கத்துக் கிராமம், கிறிஸ்தவக் குடும்பம். ஒன்றாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை நான் படித்தது உதவிபெறும் பள்ளியில். அம்மா ஓய்வு பெறும் வரை வேலை பார்த்ததும் அப்படி ஒரு பள்ளியில்தான். அதனால் "மிஷன் பள்ளிக்கூடத்தோட அருமை உனக்கு என்னல தெரியும்" என்று யாரும் ஆரம்பிக்க வேண்டாம். நன்றாகவே தெரியும். மிஷனரி ரேனியஸ் ஐயர் 1820-இல் பாளையங்கோட்டைக்கு வந்த பிறகு இந்தச் சீமையில் பள்ளிக்கூடங்கள் எப்படிப் பெருகின என்பதைக் கேட்டு வளர்ந்தவன் நான். இந்த மண்ணை மிதித்தே பார்க்காத சாரா டக்கர் என்கிற பெண்ணின் பெயரில் இங்கே பெண்களுக்குக் கல்லூரி வந்தது, 1895-இல். காது கேளாத பிள்ளைகளுக்கும் பார்வையில்லாத பிள்ளைகளுக்கும் பள்ளி நடத்த வேண்டும் என்று பலரும் நினைத்தே பார்க்காத காலத்தில் பாளையங்கோட்டையில் அவை நடந்தன. இதில் எதையும் நான் குறைத்துப் பேசவில்லை.

எங்கள் ஆச்சி உலையில் அரிசி போடுவதற்கு முன்னால் ஒரு கை அள்ளி, அடுப்படி மூலையில் இருக்கிற சின்னப் பானையில் போடுவாள். வீட்டு ஆட்களுக்கே அரிசி பத்தாத நாளிலும் அந்த ஒரு கை தப்பாது. பானையின் விளிம்பு உடைந்திருக்கும், மேலே ஒரு தேங்காய்ச் சிரட்டையைக் கவிழ்த்து வைத்திருப்பாள். ஞாயிற்றுக்கிழமை அதை வேதக் கோயிலுக்குக் கொண்டுபோய்க் கொட்டுவாள். கைப்பிடி அரிசிக் காணிக்கை. அப்படிச் சேர்ந்த அரிசியை ஏலம் விட்ட காசில்தான் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு ஓடு மாற்றினார்கள். அந்த ஓட்டுக்கூரை திருச்சபையுடையது. நிலம் சபையுடையது. பள்ளியின் பெயரும் சபையுடையது. அதை எவனாவது பிடுங்க வந்தால் நானும் முன்னால் நிற்பேன். ஆனால் உள்ளே பாடம் நடத்துகிற டீச்சரின் சம்பளம் ஆச்சியின் பானையிலிருந்து வரவில்லை. அது எல்லோர் வீட்டுப் பானையிலிருந்தும் வருகிறது.

இந்த உதவித்தொகை ஏற்பாடே நிபந்தனையோடுதான் பிறந்தது. 1854-இல் பிரிட்டிஷ் அமைச்சர் சார்லஸ் வுட்டின் கல்வி அறிக்கை தனியார் பள்ளிகளுக்கு அரசு மானியம் தரலாம் என்றது. மதபோதனையில் அரசு தலையிடாது, ஆனால் ஆய்வாளர் வந்து பள்ளியைப் பார்ப்பார், விதிகளுக்குக் கட்டுப்பட வேண்டும் என்றது. மிஷனரிகள் அதை ஒத்துக்கொண்டுதான் மானியம் வாங்கினார்கள். வெள்ளைக்காரன் காலத்தில் ஒத்துக்கொண்டதைக் குடியரசில் ஒத்துக்கொள்ள முடியாதா?

சரி, உடனே அரசியல் சாசனப் பிரிவு 30 வரும். சிறுபான்மையினர் தங்கள் விருப்பப்படி கல்வி நிறுவனங்களை நிறுவி நிர்வகிக்கும் உரிமை. அந்தப் பிரிவை நான் மதிக்கிறேன். இந்த நாடு சிறுபான்மையினருக்குக் கொடுத்த பெரிய வாக்குறுதி அது. ஆனால் அதே பிரிவு 30-ஐ வைத்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் என்ன சொன்னது என்பதையும் படியுங்கள். 1957-இல் கேரளத்தில் கல்வி அமைச்சர் முண்டசேரி கொண்டுவந்த கல்வி மசோதா நினைவிருக்கிறதா? உதவிபெறும் பள்ளி ஆசிரியர்களை அரசுத் தேர்வாணையம் தேர்ந்தெடுக்கும் என்றது. செங்கோட்டையைத் தாண்டினால் வருகிற ஊர்களில் அதற்கு எதிராக என்ன கொந்தளிப்பு நடந்தது, 1959-இல் அந்த அரசே எப்படிக் கலைக்கப்பட்டது என்பதெல்லாம் வரலாறு. அந்த மசோதா பற்றிய 1958-ஆம் ஆண்டுக் கருத்துரையிலேயே, நிர்வகிக்கும் உரிமை என்பது சீர்கெட நிர்வகிக்கும் உரிமை ஆகாது என்று உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. 2020-இல் இன்னும் தெளிவாகவே வந்தது. மேற்கு வங்கத்தில் உதவிபெறும் மதரஸாக்களுக்கு ஆசிரியர்களைத் தேர்ந்தெடுக்க ஒரு தேர்வாணையம் இருக்கிறது. சிறுபான்மை உரிமை போய்விட்டது என்று வழக்குப் போட்டார்கள். போகவில்லை, அந்தச் சட்டம் செல்லும் என்று தீர்ப்பு. 2021-இல், அரசு உதவி அடிப்படை உரிமை இல்லை, அதற்கான நிபந்தனைகள் சிறுபான்மை நிறுவனத்துக்கும் பொருந்தும் என்று இன்னொரு தீர்ப்பு. ஆக, "சம்பளம் குடுக்கது அவங்க கடமை" என்பது சட்டமும் இல்லை, நியாயமும் இல்லை.

பிள்ளைகள் விஷயத்தில் நாம் என்ன கேட்கிறோம்? அரசுப் பள்ளிக்கு உண்டானதெல்லாம் எங்களுக்கும் வேண்டும் என்கிறோம். காலை உணவுத் திட்டத்தைக் கேட்டோம், 2024 ஜூலை 15 முதல் கிராமப்புற உதவிபெறும் பள்ளிகளுக்கும் கிடைத்தது. மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்குத் தருகிற 7.5 சதவீத ஒதுக்கீட்டை எங்கள் பிள்ளைகளுக்கும் தாருங்கள் என்று கேட்கிறோம். நானும் கேட்கிறேன். அவர்களும் ஏழை வீட்டுப் பிள்ளைகள்தானே. ஆனால் சோறு, புத்தகம், சைக்கிள் என்றால் அரசுப் பள்ளி மாதிரி. ஆசிரியர் நியமனம் என்றால் தனியார் சொத்து மாதிரி. இது எப்படிப் பொருந்தும்?

டெட் கதையும் அப்படித்தான். 2014-இல் பிரமதி அறக்கட்டளை வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பின்படி கட்டாயக் கல்வி உரிமைச் சட்டம் சிறுபான்மைப் பள்ளிகளுக்குப் பொருந்தாது. அதைப் பிடித்துக்கொண்டு, தகுதித் தேர்வும் எங்களுக்குக் கிடையாது என்றார்கள். 2025 செப்டம்பர் 1 அன்று உச்ச நீதிமன்றமே அந்தப் பழைய தீர்ப்பு சரிதானா என்று பார்க்கச் சொல்லி, பெரிய அமர்வுக்கு வழிவிட்டிருக்கிறது. சட்டம் என்ன ஆகும் என்பது இருக்கட்டும். ஒரு தகுதித் தேர்வு எழுதிவிட்டு வாருங்கள் என்றால் அது நம் விசுவாசத்தின் மேல் தாக்குதலா? சிறுபான்மைப் பிள்ளைக்குத் தகுதியான டீச்சர் வேண்டாமா?

என் அக்கா மகளைப் பற்றிச் சொல்லாமல் இருக்கத்தான் நினைத்தேன். கணிதத்தில் எம்.எஸ்சி., பி.எட்., டெட் இரண்டாம் தாளும் தேறியவள். ஓர் உதவிபெறும் பள்ளியில் காலியிடம் என்று கேள்விப்பட்டு அத்தானும் அவளும் போனார்கள். எந்தப் பிரிவு, எந்த நிர்வாகம் என்று சொல்ல மாட்டேன்; எல்லாப் பக்கமும் நடக்கிற கதைதான். மேசைக்கு அந்தப் பக்கம் இருந்தவர் கோப்பைக் கையில் வாங்கி, திறக்காமலே மேசை ஓரத்தில் வைத்தார். "எந்த ஊரும்மா? எந்தச் சபை? அப்பா என்ன செய்தாங்க?" அடுத்தது என்ன சாதி என்கிற கேள்வி. நேராகக் கேட்கவில்லை, தாத்தா பெயரைக் கேட்டுத் தெரிந்துகொண்டார். பிறகு அத்தானை மட்டும் வெராந்தாவுக்குக் கூட்டிப்போய் விரல்களை விரித்துக் காட்டினார். லட்சம் என்று வாயால் சொல்லவே இல்லை. அத்தான் வயலை விற்கலாமா என்று அன்றைக்கு ராத்திரி எனக்குப் போன் போட்டார். பின்னால் அவள் போனை வாங்கிப் பேசினாள். "மாமா, அவங்க ஃபைலைத் திறந்துகூடப் பாக்கலை மாமா" என்றாள். அதையேதான் திரும்பத் திரும்பச் சொன்னாள். இன்றைக்கு அவள் ஒரு தனியார் பள்ளியில், சித்தாள் கூலியை விடக் குறைந்த சம்பளத்துக்குப் பாடம் நடத்துகிறாள்.

அந்த வெராந்தாவில் விரலைக் காட்டியவர் விற்க நினைத்தது எதை? சபையின் நிலத்தையா, கட்டடத்தையா? அரசு தருகிற சம்பளத்தை. அந்தப் பிள்ளை ஓய்வு பெறும் வரை மக்கள் கொடுக்கப் போகிற பணத்தை.

"அரசு நியமனத்துல மட்டும் காசு விளையாடலையா" என்று கேட்பீர்கள். விளையாடினால் அதையும் கேட்கலாம், வழக்குப் போடலாம். ஆசிரியர் தேர்வு வாரியம் மதிப்பெண் பட்டியல் வெளியிடுகிறது. உங்கள் பட்டியல் எங்கே?

"நீ யாருக்கு ஆள் பிடிக்கிறாய்" என்கிற கேள்விதான் என்னை உண்மையிலேயே வலிக்கச் செய்கிறது. இதை எழுதினால் சிறுபான்மை நிறுவனங்களை ஒழிக்க நினைப்பவர்கள் எடுத்து ஓட்டுவார்கள் என்று ஒரு அண்ணன் அன்போடு எச்சரித்தார். அந்தப் பயம் எனக்கும் இருக்கிறது. சர்ச் எரிந்த செய்தி, போதகரை அடித்த செய்தி எல்லாம் நானும் படிக்கிறேன், எனக்கும் நெஞ்சு பதறுகிறது. ஆனால் அவர்கள் கையில் ஆயுதத்தைக் கொடுப்பது கேள்வி கேட்கிறவனா, பதவியை விலைபேசுகிறவரா? நாளைக்கு ஓர் அரசு வந்து இந்த ஊழலையே காரணம் காட்டி மானியத்தையே நிறுத்தினால், தெருவில் நிற்கப் போவது அந்த நிர்வாகியா, பிள்ளைகளா? நான் பள்ளிகளை மூடச் சொல்லவில்லை. மானியத்தை நிறுத்தச் சொல்லவும் இல்லை. அமெரிக்காவில் 1971-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று, மதப் பள்ளி ஆசிரியர்களின் சம்பளத்தில் அரசு பங்கு போடவே கூடாது என்றது. நம் நாடு அந்த வழியில் போகவில்லை, போகவும் வேண்டாம். போயிருந்தால் எங்கள் அம்மாவுக்குப் பென்ஷன் ஏது?

"மற்ற மதத்துக்காரங்களைக் கேட்டியா?" கேட்டேன். 2021-இல் கபாலீசுவரர் கோயில் பணத்தில் கொளத்தூரில் தொடங்கிய கல்லூரியில் வேலைக்கு இந்துக்கள் மட்டுமே விண்ணப்பிக்கலாம் என்று விளம்பரம் வந்தபோது இதே பக்கத்தில் எதிர்த்து எழுதினேன். அன்றைக்கு இதயம் போட்ட நம் ஆட்கள்தான் இன்றைக்கு என்னைத் திட்டுகிறார்கள். அங்கேயாவது அது கோயில் பணம் என்று சொல்ல ஒரு வாதம் இருந்தது. இங்கே என்ன வாதம்?

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். என்னோடு படித்தவன் ஒருவன், அவர்கள் வீட்டில் சுடலைமாடனுக்குக் கொடை கொடுப்பவர்கள். பள்ளியின் காலை ஆராதனையில் எங்களோடு நின்று பாடுவான். பாமாலைப் பாட்டெல்லாம் அவனுக்கு இன்றும் மனப்பாடம். அவனுக்கு அதில் ஒரு வருத்தமும் இல்லை. ஆனால் உங்கள் பிள்ளை இதில் கலந்துகொள்ளலாமா என்று அவன் அப்பாவிடம் யாரும் கேட்டதில்லை. பிரிவு 28, உதவிபெறும் பள்ளியில் பெற்றோர் சம்மதம் இல்லாமல் பிள்ளையை மதபோதனையிலோ வழிபாட்டிலோ கலந்துகொள்ளச் சொல்லக் கூடாது என்கிறது. என் மகளை வேறொரு மதத்துப் பூஜையில் கேட்காமல் நிறுத்தினால் நான் சும்மா இருப்பேனா? நீங்கள் இருப்பீர்களா?

நம் ஜில்லாவுக்கு இது புதிதும் இல்லை. சேரன்மாதேவி குருகுலத்தை மறந்துவிட்டோமா? அதை நடத்திய வ.வே.சு. ஐயர் பெரிய தேசபக்தர், சந்தேகமே இல்லை. தமிழ்நாடு காங்கிரஸ் பத்தாயிரம் ரூபாய் தருவதாகச் சொல்லி ஐயாயிரத்தைக் கொடுத்தது. பொதுமக்கள் நன்கொடையும் போனது. அங்கே பிராமணப் பையன்களுக்குத் தனிப் பந்தி என்று தெரிந்ததும் அன்றைய காங்கிரஸ் தலைவர்கள் வரதராஜுலு நாயுடுவும் பெரியாரும் கேட்டது இதைத்தான்: எல்லோர் பணத்திலும் நடக்கிற இடத்தில் சிலருக்கு மட்டும் தனி இலையா? அப்போதும் அந்த ஏற்பாட்டை நியாயப்படுத்துகிற பதில்தான் வந்தது. கடைசியில் ஐயர் பொறுப்பிலிருந்து விலகினார். 1925-இல் இந்த மாவட்டம் அந்தக் கேள்வியைக் கேட்டது. நூறு வருஷம் கழித்து நான் கேட்டால் துரோகியா?

இன்பாக்ஸில் என்னை "யூதாஸ்" என்று, வெள்ளிக்காசுக்கு இயேசுவைக் காட்டிக்கொடுத்தவன் பெயரால், எழுதிய தம்பிக்கு ஒரு வார்த்தை. உன்னை எனக்குத் தெரியும். உன் அம்மாவும் என் அம்மாவும் ஒரே ஸ்டாஃப் ரூமில் இருந்தவர்கள். வெள்ளிக்காசை எண்ணி வாங்குகிறவர்களைப் பார்த்து நீ அந்தப் பெயரைச் சொல்லியிருக்க வேண்டும். அம்மா தலைமுறை ஆசிரியர்கள் சொல்லக் கேட்டிருப்பாய்: பதிவேட்டில் ஒரு தொகைக்குக் கையெழுத்து, கையில் வேறொரு தொகை என்று இருந்த காலத்தை. ஆசிரியர்கள் போராடித்தான் அரசுச் சம்பளம் நேரடியாகக் கைக்கு வந்தது. நிர்வாகத்தின் தயவிலிருந்து அவர்களைக் காப்பாற்றியதே இந்தப் பொதுப்பணம்தான்.

உதவிபெறும் பள்ளியில் காலியிடம் வந்தால் செய்தித்தாளிலும் பள்ளி வாசலிலும் அறிவிக்க வேண்டும். யார் விண்ணப்பித்தார்கள், யாருக்கு என்ன மதிப்பெண், யாரை எடுத்தார்கள் என்று பட்டியல் போட வேண்டும். தேர்வுக் குழுவில் கல்வித்துறை ஆள் ஒருவர் இருக்க வேண்டும். சிறுபான்மைப் பிள்ளைகளுக்கு முன்னுரிமை வேண்டும் என்றால் அதையும் வெளிப்படையாக எழுதிப் போடுங்கள், நான் எதிர்க்க மாட்டேன். இதில் எது விசுவாசத்துக்கு விரோதம் என்று யாராவது எனக்குச் சொல்லுங்கள்.

அரசுப் பணத்தில் பெரும்பகுதி நடக்கிற நிறுவனம் தகவல் உரிமைச் சட்டத்துக்குள் வரும் என்று 2019-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. மாவட்டத்தில் எல்லா மதத்து உதவிபெறும் பள்ளிகளிலும் நடந்த ஆசிரியர் நியமனங்களின் விவரம் கேட்டு முதன்மைக் கல்வி அலுவலகத்துக்கு மனு எழுதி வைத்திருக்கிறேன். திங்கட்கிழமை கொடுக்கிறேன். கூட வருகிறவர்கள் வரலாம்.