சிங்கப்பூரின் செமாக்காவ் குப்பை நிரப்பிடம் பற்றி ஒரு திருத்தம்

“செமாக்காவ் தீவில் குப்பையை அப்படியே கடலில் கொட்டுகிறார்கள், சதுப்புநிலக் காடு மொத்தமும் போச்சு” என்று ஒருவர் எழுதியிருக்கிறார். இரண்டுமே சரியில்லை. 1999 முதல் அங்கே போவது பெரும்பாலும் எரிப்பு ஆலைச் சாம்பல். எரிக்க முடியாத கழிவும் கொஞ்சம். கடலை மறித்து 7 கிலோமீட்டர் நீளத்துக்குக் கல்லணை, அதில் நீர் கசியாத விரிப்பு, களிமண். கட்டும்போது காட்டில் ஒரு பகுதி அழிந்தது உண்மைதான். ஆனால் பதிலுக்கு 13.6 ஹெக்டேரில் கன்று நட்டார்கள். அந்த மரங்கள் வாடத் தொடங்கினால் கசிவு இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒருவகையில் காவலும் அவைதான்! குறை சொல்ல வேண்டுமென்றால், அங்கே வாழ்ந்த மீனவக் குடும்பங்கள் வீட்டை விட்டுக் கிளம்ப நேர்ந்ததைச் சொல்லுங்கள். அப்புறம், இதே வேகத்தில் போனால் 2035 வாக்கில் அங்கே இடமும் தீர்ந்துவிடும்.