பூனையை ஐந்து நாள் தனியே விடலாமா?

"நாய்க்குத்தான் ஆள் வேண்டும். பூனைக்கு ரெண்டு கிண்ணம் நிறைய தீவனமும் தண்ணீரும் வைத்துவிட்டு ஐந்து நாள் ஊருக்குப் போகலாம்" என்ற கருத்தைத் திருத்த வேண்டியிருக்கிறது. தனிமையைப் பூனை நாயைவிட நன்றாகத் தாங்கும், அது சரி. ஆனால் சிக்கல் சாப்பாட்டில் இல்லை, கவனிக்க ஆள் இல்லாததில்தான்.

ஆண் பூனைகளுக்குச் சிறுநீர்ப் பாதை அடைத்துக்கொள்வது அடிக்கடி நடப்பது. மணல் தட்டில் போய்ப் போய் உட்காரும், ஒரு சொட்டும் வராது. ஒன்றிரண்டு நாளிலேயே உயிர் போகலாம். கிண்ணம் நிறைய தீவனம் இருந்தும் பயத்தில் சாப்பிடாமல் கிடக்கும் பூனைகளும் உண்டு. குண்டுப் பூனை சில நாள் பட்டினி கிடந்தால் ஈரலில் கொழுப்பு சேர்ந்து நோயாகிவிடும். ஐந்தாம் நாள் கதவைத் திறந்து பார்த்து என்ன பயன்?

காப்பகத்தைவிட, பழகிய வீட்டிலேயே விட்டு, தினமும் ஒரு முறையாவது ஆள் வந்து பார்ப்பது பெரும்பாலான பூனைகளுக்கு நல்லது. வருபவரிடம் பூனையின் முகத்தை மட்டுமல்ல, மணல் தட்டையும் படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள் (சிரிப்பார்கள், பரவாயில்லை). மருத்துவர் எண்ணையும் கொடுத்துவிடுங்கள்.

காப்பகம்தான் வழி என்றால், நாய்க் குரைப்பு கேட்காத தனி அறை இருக்கிறதா என்று நேரில் போய்ப் பாருங்கள். அப்புறம், உங்கள் பூனையின் தடுப்பூசி அட்டையை அவர்கள் கேட்கவே இல்லையென்றால், பக்கத்துக் கூண்டுப் பூனையிடமும் கேட்டிருக்க மாட்டார்கள்.