பாதி மழை

மலேசியாவின் பந்திங்கில் வெயில் மண்டையைப் பிளக்கும். நான் காசு கட்டி வண்டி ஓட்டப் போகும் பக்கத்து சிப்பாங் பந்தயத் தடத்தில் மழை கொட்டும். அதுகூடப் பரவாயில்லை. ஒரு சுற்று 5.543 கிலோமீட்டர், 15 வளைவு. மேகம் பாதியை நனைத்துவிட்டு மீதியை அப்படியே விட்டுவிடும். எரிச்சலே அங்கேதான். மழை டயர் மிருதுவான ரப்பர், தண்ணீர்தான் அதைக் குளிர வைக்கும். காய்ந்த தரையில் ஓட்டினால் சூடேறித் தேய்ந்துபோகும். சரி, காய்ந்த தரைக்கான ஸ்லிக் டயர் போடலாம் என்றால் தண்ணீரை ஒதுக்க அதில் வரியே கிடையாது. ஓரத்து ஈரப் பெயிண்டில் சக்கரம் ஏறினால் வழுக்கிவிடும், அவ்வளவுதான். டயர் மாற்ற எனக்கு வாய்த்தது மச்சான் ஒருவன். அவனும் அந்த நேரம் பார்த்து ரொட்டி சானாய் தேடிப் போய்விடுவான்.

2012இல் மோட்டோஜிபி உலக பைக் பந்தயத்தையே இங்கே மழை பாதியில் நிறுத்தியது, ஸ்பெயின் வீரர் பெட்ரோசா ஜெயித்தார். இதையெல்லாம் ரப்பர் தோட்டத்து மாமாக்களிடம் சொல்லிப் பாருங்கள்.

"மழை பேஞ்சா நாங்க பால்மரமே வெட்டப் போகமாட்டோம். நீ காசு கட்டி நனையப் போறியா தம்பி?"

மழை வந்தாலும் கட்டிய காசு திரும்பாது என்றால் இன்னும் சிரிக்கிறார்கள்.