இரத்த அறிக்கையைக் காட்டி ஒரு மகளைக் குற்றவாளியாக்காதீர்கள்

அந்தப் பின்னூட்டத்தை நீங்கள் எல்லோரும் பார்த்திருப்பீர்கள். பக்கவாதத்தில் விழுந்த தந்தையை ஐந்தாம் நாளில் நிமோனியாவுக்குப் பறிகொடுத்த ஒரு பெண் தன் துக்கத்தை நான்கு வரியில் எழுதியிருந்தார். அதன் கீழே ஒருவர் வந்து, "முதல் நாளே சி.ஆர்.பி.யும் புரோகால்சிடோனினும் பார்க்கச் சொல்லிக் கேட்டிருந்தால் உங்கள் அப்பா பிழைத்திருப்பார், விழிப்புணர்வு இல்லாததுதான் காரணம்" என்று எழுதிவிட்டுப் போனார். உடலில் அழற்சியோ தொற்றோ இருந்தால் ஏறும் இரத்தக் குறியீடுகள் அவை இரண்டும். எழுதியவரைக் காட்டிலும், அதற்கு விருப்பக்குறி இட்டவர்களைப் பார்த்துத்தான் எனக்கு வருத்தம் அதிகம். அவர்களில் சிலர் என்னோடு பணியாற்றியவர்கள்.

நான் விழுங்குதல் சிகிச்சையாளர். பக்கவாத நோயாளிகளின் படுக்கையருகே ஒரு கரண்டித் தண்ணீரோடு நிற்பது என் வேலை. ஆகவே இது குறித்துப் பேச எனக்குக் கொஞ்சம் உரிமை உண்டு என்று நம்புகிறேன்.

முதலில் சொல்ல வேண்டியதைச் சொல்லிவிடுகிறேன். முதல் நாள் இரத்தத்தில் சி.ஆர்.பி. உயர்ந்திருந்தது என்பது நிமோனியா வரப்போகிறது என்பதற்கான சோதிடம் அல்ல. கல்லீரல் இன்டர்லூகின்-6 என்னும் சமிக்ஞையைக் கேட்டுச் சுரக்கும் புரதம் அது. தொற்றுக்கும் உயரும், காயத்துக்கும் உயரும், மூளையில் ஒரு பகுதி செத்துப்போனாலும் உயரும். பெரிய பக்கவாதம் என்றால் அதிகமாக உயரும். பெரிய பக்கவாதம் வந்தவருக்குத்தான் நிமோனியாவும் அதிகம் வரும். இரண்டும் சேர்ந்து வருவதாலேயே முன்னதைப் பார்த்துப் பின்னதைத் தடுத்திருக்கலாம் என்று ஆகிவிடாது. 1930இல் டில்லெட்டும் பிரான்சிஸும் இந்தப் புரதத்தை நிமோனியா நோயாளிகளின் இரத்தத்தில்தான் முதலில் கண்டார்கள் என்பது உண்மை. அதற்காக அது நிமோனியாவுக்கு மட்டுமே எழுதிவைத்த புரதம் ஆகிவிடுமா?

இன்னொன்றையும் அந்த நண்பர் எழுதவில்லை. சி.ஆர்.பி. உயரத் தொடங்கவே ஏறக்குறைய ஆறு மணி முதல் பன்னிரண்டு மணி நேரம் பிடிக்கும். உச்சத்தை எட்ட இரண்டு நாட்கள் ஆகலாம். பக்கவாதம் வந்த ஒரு மணி நேரத்தில் மருத்துவமனைக்கு வந்து சேர்ந்த புத்திசாலிக் குடும்பத்துக்கு அந்த எண் சாதாரணமாகவே இருக்கக்கூடும். அப்போது என்ன செய்வீர்கள்? நிம்மதியாகக் கஞ்சி ஊட்டுவீர்களா?

இது கற்பனைக் கேள்வி அல்ல. என் தாயாருக்குப் பக்கவாதம் வந்தபோது இதுதான் நடந்தது. வலப்பக்கம் செயலிழந்து, வார்த்தை குழறி, எச்சில் ஒரு பக்கமாக வழிந்துகொண்டிருந்தவருக்கு, விழுங்கும் சோதனை எதுவும் செய்யாமல் பால் கொடுக்கலாம் என்று சொன்னார்கள். நான் மறுத்தேன். பணியிலிருந்த இளம் மருத்துவர் கோப்பைத் திருப்பிக் காட்டி, "இரத்த அறிக்கை எல்லாம் நன்றாக இருக்கிறதே, ஏன் பதற்றப்படுகிறீர்கள்?" என்று கேட்டார். மரியாதையாகத்தான் கேட்டார், அதில் குறை சொல்ல மாட்டேன். நான் அம்மாவை நிமிர்த்தி உட்கார வைத்து ஒரு கரண்டித் தண்ணீர் கொடுத்தேன். இருமவில்லை, முகம் சுளிக்கவுமில்லை. ஆனால் "அம்மா, என் பேரைச் சொல்லு" என்றதும் வந்த குரல், தொண்டைக்குள் நீர் தேங்கிய களகளத்த குரல். புரையேறினால் இருமல் வர வேண்டும் என்றுதான் எல்லோரும் நினைக்கிறோம். பக்கவாதத்தில் தொண்டையின் உணர்வே மங்கிவிடுவதால், எச்சிலும் தண்ணீரும் ஓசைப்படாமல் நுரையீரலுக்கு இறங்கி நிமோனியாவுக்கு வழிசெய்யும். அந்த அறிக்கையில் இதற்கு ஒரு வரிகூட இல்லை. மூக்குக் குழாய் போடச் சொல்லி நான் பிடிவாதம் பிடித்ததற்கு எனக்குக் கிடைத்த பெயர், "தலையிடும் மகள்". கேட்காமல் இருந்தால் விழிப்புணர்வு இல்லாத மகள், கேட்டால் தலையிடும் மகள்! இரண்டுக்கும் நடுவில் ஒரு மகள் எங்கேதான் நிற்க வேண்டும் என்று யாராவது சொன்னால் நன்றாக இருக்கும்.

"அப்படியானால் ஆராய்ச்சியே வேண்டாம் என்கிறீர்களா?" என்று உடனே ஒருவர் வருவார். வேண்டாம் என்று நான் எங்கே சொன்னேன்? பக்கவாதம் நோய் எதிர்ப்பாற்றலையே அடக்கிவிடுகிறது என்பது எனக்குத் தெரியும். 2003இல் பெர்லின் ஆய்வாளர்கள் எலிகளில் காட்டிய செய்தி அது: மூளை அடிபட்டதும், உடலின் அவசரநிலையை இயக்கும் பரிவு நரம்பு மண்டலம் மிகையாகத் தூண்டப்பட்டு, எதிர்ப்பு அணுக்கள் சோர்ந்து, நுரையீரலில் கிருமி பெருகுகிறது, அந்தத் தூண்டலை அடக்கும் புரோப்ரனோலால் என்னும் மருந்தைக் கொடுத்த எலிகளில் அது தடுக்கப்பட்டது. மோனோசைட்டு என்னும் வெள்ளணுக்களின் மேல் எச்.எல்.ஏ-டி.ஆர். என்னும் புரதம் குறைவது, மற்ற வெள்ளணுக்களில் நியூட்ரோஃபில்-லிம்ஃபோசைட் விகிதம் ஏறுவது எல்லாம் அந்தக் கதையின் தடயங்கள்தான். அழகான அறிவியல், ஆய்வுக்கூடத்தில் தொடரட்டும். என் சண்டை அறிவியலோடு அல்ல. அதிலிருந்து பாதியைப் பிய்த்தெடுத்து இழவு வீட்டில் வீசுபவரோடு.

"முன்கூட்டியே தெரிந்தால் ஆன்டிபயாடிக் கொடுத்துத் தடுத்திருக்கலாமே" என்பவர்களுக்குச் சற்று விரிவாகவே பதில் சொல்ல வேண்டும், ஏனென்றால் கேட்பதற்கு நியாயமான கேள்வி. கொடுத்துப் பார்த்துவிட்டார்கள். 2015இல் நெதர்லாந்தில் 2,550 பக்கவாத நோயாளிகளைக் கொண்ட ஆய்வில், தொற்று வருமுன்னே செஃப்டிரியாக்ஸோன் என்னும் ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். சிறுநீர்த் தொற்று குறைந்தது. நோயாளிகள் மூன்று மாதம் கழித்து எழுந்து நடமாடும் நிலை மாறவில்லை. அதே ஆண்டில் பிரிட்டனில், விழுங்க முடியாத நோயாளிகளை மட்டும் தேர்ந்தெடுத்து, 48 பக்கவாதப் பிரிவுகளில் முன்கூட்டியே ஆன்டிபயாடிக் கொடுத்துப் பார்த்தார்கள்; நிமோனியா குறையவில்லை. சரி, எல்லோருக்கும் கொடுத்ததால்தான் பலிக்கவில்லை, இரத்தக் குறியீட்டைப் பார்த்துக் கொடுத்தால் பலிக்கும் என்பீர்கள். அதுவும் நடந்தது. நாள்தோறும் புரோகால்சிடோனின் அளந்து, அது ஏறினால் மருந்து என்று வழிகாட்டிய ஆய்வின் முடிவு 2017இல் வந்தது. அங்கும் மூன்று மாத நிலையில் பலன் தெரியவில்லை. ஆக, அந்தப் பெண் முதல் நாளே கேட்டிருந்து, அவர்களும் அளந்திருந்து, எண்ணும் உயர்ந்திருந்து, மருந்தும் கொடுத்திருந்தாலும், அவர் தந்தை பிழைத்திருப்பார் என்று சொல்ல இன்று எவரிடமும் ஆதாரம் இல்லை. "பிழைத்திருப்பார்" என்று எழுதிய கை கூசியிருக்க வேண்டும்.

"மதிப்பெண் முறையோடு சேர்த்துப் பார்க்கலாம்" என்று படித்தவர் ஒருவர் சொல்வார். பக்கவாதத்துக்குப் பின் நிமோனியா வரும் வாய்ப்பைக் கணிக்கும் ஏ2டிஎஸ்2 என்னும் பத்து மதிப்பெண் முறையைத்தானே சொல்கிறீர்கள்? அதில் வயது இருக்கிறது, இதயத் துடிப்புக் கோளாறு இருக்கிறது, ஆண் என்றால் ஒரு மதிப்பெண் இருக்கிறது, பக்கவாதத்தின் கடுமை இருக்கிறது, விழுங்கும் கோளாறுக்கு இரண்டு மதிப்பெண் இருக்கிறது. ஒரு சொட்டு இரத்தம்கூட அதில் இல்லை. படுக்கையருகே நின்று கண்ணாலும் காதாலும் கண்டுபிடிப்பவைதான் அத்தனையும், அந்த இதயத் துடிப்புக்கு ஓர் ஈ.சி.ஜி. தவிர. இரத்தக் குறிப்பான்களைச் சேர்த்தால் கணிப்பு கொஞ்சம் கூடலாம், மறுக்கவில்லை. அந்தக் கொஞ்சத்துக்கு இருக்கும் மவுசில் பத்தில் ஒரு பங்கு, முதல் கரண்டித் தண்ணீருக்கு முன் செய்ய வேண்டிய சோதனைக்கு இருந்தால் நான் இந்தப் பதிவையே எழுதியிருக்க மாட்டேன்.

ஏன் இல்லை என்றும் எனக்குத் தெரியும். இரத்தப் பரிசோதனைக்கு அச்சடித்த தாள் வருகிறது, தசமப் புள்ளியோடு எண் வருகிறது, பக்கத்தில் சிவப்பு நிறத்தில் அம்புக்குறி வருகிறது. "குரல் களகளக்கிறது, வாய்வழி எதுவும் கொடுக்க வேண்டாம்" என்று நான் எழுதும் குறிப்பு கோப்பின் கடைசிப் பக்கத்தில் கிடக்கும். சுற்றுக்கு வரும் பெரியவர்கள் அதுவரை புரட்டுவதில்லை. 2011இல் முடிவு வெளியான ஆஸ்திரேலிய ஆய்வு ஒன்றில், 19 பக்கவாதப் பிரிவுகளை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதியில் மட்டும் செவிலியர்கள் முன்னின்று மூன்றே மூன்றைக் கவனித்தார்கள்: காய்ச்சல், சர்க்கரை, விழுங்குதல். தொண்ணூறு நாளில் இறந்தவர்களும் பிறரைச் சார்ந்து கிடந்தவர்களும் சேர்ந்து மற்றப் பிரிவுகளில் 58 சதவீதம், இந்தப் பிரிவுகளில் 42 சதவீதம். இப்படி ஒரு பலனை ஒரு மாத்திரை தந்திருந்தால் அதன் பெயர் இன்று ஒவ்வொருவர் வாயிலும் இருந்திருக்கும். தந்தவர்கள் செவிலியர்கள் என்பதால் உங்களில் எத்தனை பேர் கேள்விப்பட்டிருக்கிறீர்கள்?

"குடும்பத்தார் ஒளித்து ஒளித்துத் தண்ணீர் கொடுக்கிறார்கள், அவர்களைச் சொல்லாமல் என்ன செய்வது?" என்று கேட்கும் சக பணியாளர்களே, கொடுக்கத்தான் செய்கிறார்கள். தாகம் என்று கெஞ்சும் தந்தைக்கு எந்த மகள் கொடுக்காமல் இருப்பாள்? ஏன் கொடுக்கக் கூடாது என்று அவளை உட்காரவைத்து ஐந்து நிமிடம் சொன்னவர் யார்? வாயை எப்படித் துடைப்பது, தலைமாட்டை எவ்வளவு உயர்த்துவது என்று காட்டியவர் யார்? அதைச் சொல்லாதவர்கள், அவள் சி.ஆர்.பி. கேட்கவில்லை என்று சொல்லலாமா?

இந்தப் பதிவுக்குக் கீழே வந்து என்னை அறிவியலுக்கு எதிரி என்று எழுதப்போகிறவர்கள் தாராளமாக எழுதுங்கள், பழகிவிட்டது. உள்பெட்டியில் இரத்த அறிக்கையின் படத்தை அனுப்பி "இது ஆபத்தா" என்று கேட்கும் உறவினர்களுக்கு மட்டும் ஒரு வேண்டுகோள்: படத்தைப் பார்த்து என்னால் எதுவும் சொல்ல முடியாது, அதைச் சிகிச்சை அளிக்கும் மருத்துவரிடம் கேளுங்கள். எனக்கு எழுதுவதானால், அவருக்கு விழுங்கும் சோதனை செய்தார்களா, யார் செய்தார்கள், வாயில் முதல் உணவு போவதற்கு முன்பா பின்பா என்று எழுதுங்கள். எவ்வளவு நேரமானாலும் பதில் சொல்கிறேன்.